துவக்குக் கடையின் முதல் கேள்வி

போன மாதம் கம்பளிக் காலுறை வாங்குவதற்காக, நான் வேலை செய்து ஓய்வுபெற்ற கடைக்குப் போயிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. மொன்றியல் குளிர் யாருடைய வீம்பையும் பார்ப்பதில்லை. கடையே அடையாளம் மாறிப்போயிருந்தது. துப்பாக்கிப் பகுதியில் நான் கைவைத்துத் தேய்ந்த மரக் கவுண்டரைக் காணவில்லை. அந்த இடத்தில் கண்ணாடியும் ஒரு பெரிய திரையும். உங்கள் உயரம், கை நீளம், எந்த மிருகம் என்று திரையில் தட்டினால், அதுவே உங்களுக்கான துப்பாக்கியைச் சொல்லிவிடுகிறது.

சுவரில் மட்டும் ஒரு பழைய இரும்புக் கொக்கி அப்படியே இருந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்ற இளம் பெண்ணிடம் நான் இங்கே வேலை செய்தவன் என்று சொன்னதும் அவள் பிரெஞ்சில் அதைத்தான் கேட்டாள். "அந்தக் கொக்கியில் என்ன தொங்கியது மிசியே? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்." ஒரு கோட் என்றேன். விற்பனைக்கா என்றாள். இல்லை, வாங்க வருகிறவர்கள் போட்டுப் பார்க்க என்றேன். ஏன் என்று கேட்டாள். அதற்குள் அவளிடம் வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அவளுக்குச் சொல்லாமல் வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பான். பெயர் சேவியர். அகதியாக வந்த புதிதில் எல்லோரையும்போல உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு சென்ட் லோரன்ட் தெருவில் இருந்த இந்தக் கடையின் பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கினேன். மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். ஒரு வேட்டைப் பருவத்தில் மேலே துப்பாக்கிப் பகுதியில் ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். திரும்பக் கீழே போகச் சொல்ல மறந்துவிட்டார்கள். பரீட்சை, அனுமதிப்பத்திரம், பொலிஸ் விசாரணை எல்லாம் உண்டு. அவற்றை விவரித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

கடையின் கீழ்த் தளத்தில் தூண்டில், வலை, படகுச் சாமான். மேல் தளத்தில் துப்பாக்கிகள், எங்கள் பேச்சில் துவக்குகள். நான் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழர்களுக்கு நான் கீழ்த் தளத்து ஆள். என் மனைவி ஜெசிந்தாதான் அப்படிச் சொல்லிவைத்தாள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன் துவக்கு விக்கிறார் எண்டா ஊரே சிரிக்கும்" என்றாள். சிரிப்பு மட்டுமல்ல காரணம். தமிழன், துவக்கு என்ற இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்ட காலம் அது. மீன் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. ஆகவே நான் தூண்டில் விற்றேன்.

பிறகு ஜெசிந்தா மகள்மார் இருவரையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போனாள். அவளுடைய சகோதரிகள் அங்கே, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் அங்கே. "ஒரு வருசம் பாப்பம், மறுகா நீங்களும் வாங்க" என்றாள். நான் ரொறன்ரோவில் வேலை தேடிப் பார்த்தேன். பாடுபட்டுச் சேர்த்த பிரெஞ்சு அங்கே செல்லாக் காசு. நான் திரும்பி வந்தேன். ஒரு வருடம் என்றது நீண்டுகொண்டே போனது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

துப்பாக்கிப் பகுதியின் தலைவர் மிசியே ரெயால். நெடிய மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பார், சொற்களைச் சேமித்து வைப்பவர். ஒரு துப்பாக்கியை அவர் வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் விதத்தைப் பார்த்தால் கோயில் பூசை தோற்றுவிடும். முதலில் குழலை நிலத்தைப் பார்த்துப் பிடிப்பார். திறப்பார். உள்ளே பார்ப்பார். பார்த்தது போதாதென்று சின்ன விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். பிறகு திறந்தபடியே நீட்டுவார். வாங்குகிறவரும் பார்க்க வேண்டும். "நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேனே" என்று யாராவது சொன்னால் துப்பாக்கி திரும்ப அலமாரிக்குப் போய்விடும். என் கையிலிருந்து வாங்கும்போதும் அவர் பார்ப்பார், அவர் கையிலிருந்து வாங்கும்போது நானும் பார்ப்பேன். ஒரே துப்பாக்கியை ஒரே நிமிடத்தில் நாங்கள் இருவரும் மாறி மாறிப் பார்த்த நாட்கள் உண்டு. அதில் எங்களுக்கு வெட்கமே இருந்ததில்லை.

அடுத்தது கோட். மான் வேட்டை நவம்பர் குளிரில் நடப்பது. ஆட்களோ கோடை முடிவில், அரைக்கைச் சட்டையோடு வந்து துப்பாக்கி வாங்குவார்கள். மெல்லிய சட்டையோடு தோளில் வைத்தால் அளவாக இருக்கும் பிடங்கு, அதாவது பின்கட்டை, தடித்த கோட்டின் மேல் வைத்தால் நீண்டுவிடும். தூக்கும்போது கக்கத்தில் மாட்டும். அதனால் ரெயால் தன் பழைய சிவப்புக் கட்டம்போட்ட கம்பளிக் கோட்டைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார். எத்தனை வெயிலாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கையுறையும் உண்டு. கோட்டைப் போட்ட பிறகு அவர் சொல்வார்: "கண்ணை மூடுங்கள். தோளில் வையுங்கள். இப்போது திறங்கள்." திறக்கும்போது குழலின் மேலுள்ள முன் குறியும் பின் குறியும் தாமாகவே ஒரே நேர்கோட்டில் நின்றால் அது உங்கள் துப்பாக்கி. கண் திறந்திருந்தால் கழுத்தை வளைத்து, தோளை நெளித்து எந்தத் துப்பாக்கிக்கும் நாம் பொருந்திவிடுவோம். காட்டில் அந்த நெளிப்புக்கு நேரம் கிடைக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. "அவெக் கி?" யாரோடு போகிறீர்கள்? எந்த மிருகம், எந்தக் காடு என்பதெல்லாம் பிறகு. அவருடைய தம்பி ஒரு பருவத்தில் தனியாகப் போய், பனி கரைந்த பிறகுதான் கிடைத்தாராம். இதை அவர் ஒரு தடவைதான் சொன்னார். தனியாகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், துப்பாக்கியை எடுக்கவே மாட்டார். "அப்படியானால் ஆளைத் தேடிக்கொண்டு வாருங்கள். துப்பாக்கி காத்திருக்கும்" என்பார். அதனால் போன வியாபாரம் கொஞ்சமல்ல. முதலாளி முணுமுணுப்பார், ரெயாலுக்குக் காது கேட்காது. இன்னொரு விதியும் இருந்தது. மணமானவர் என்றால் மனைவி ஒருமுறை கடைக்கு வர வேண்டும். சட்டம் கேட்டது வேறு. இது ரெயால் கேட்டது. துப்பாக்கி குடியிருக்கப்போவது அவளுடைய வீட்டிலும்தானே என்பார்.

இந்த விதிகளோடு நான் பட்ட பெரிய பாடு தயாபரனுடைய விடயத்தில்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். கோடை முடியும் தறுவாயில் ஒரு பகல். நாற்பது வயது மதிக்கத்தக்க சின்ன உருவம், மடிப்புக் குலையாத சட்டை. படியேறி வந்தவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். நானும் நின்றேன். தமிழனுக்குத் தமிழனைத் தெரியாதா? அவர் "போன்ஜூர்" என்றார். நானும் "போன்ஜூர்" என்றேன். அதன் பிறகு இரண்டு தமிழர்கள் வியர்க்க விறுவிறுக்கப் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குச் சொல் வராதபோது கையைக் காட்டினார். எனக்கு வராதபோது நான் இருமினேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ் முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்றுதான் பக்கத்திலிருந்த கடையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் பஸ் மாறி வந்தாராம்; பிறகு சொன்னார். வந்த இடத்தில் நான்.

அனுமதிப்பத்திரத்தில் தயாபரன் என்றிருந்தது. ஏதோ கியூபெக்காரர் பெயரை வாசிப்பதுபோல வாசித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

யாரோடு போகிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்து, லூக், சில்வேன், வேலை நண்பர்கள் என்றார். அவர் அலுமினிய ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. லூக் வைத்திருப்பதைப்போல ஒன்று வேண்டும் என்றார். நீண்ட குழல், மேலே தொலைநோக்கி, பக்கத்தில் பூட்டுக் கம்பியை இழுத்துத் தள்ளும் வகை. ரெயால் முறைப்படி திறந்து, பார்த்து, நீட்டினேன். அவர் குழலைத் தரைக்குச் சாய்த்து வாங்கினார், உள்ளே பார்த்தார், விசைப் பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. புதியவர்கள் அப்படி வாங்குவதில்லை. வலது தோளில் பிடங்கை வைத்ததும் முகம் சுருங்கியது. உடனே இடது தோளுக்கு மாற்றினார். பூட்டுக் கம்பியோ வலது பக்கத்தில். அதை எட்டுவதற்கு அவர் துப்பாக்கியின் மேலால் கையை வளைக்க வேண்டியிருந்தது.

அதை வாங்கி வைத்துவிட்டு ஒரு கட்டைத் துப்பாக்கியை எடுத்தேன். லீவர் வகை. விசைக்குக் கீழே வளையம்போல ஒரு நெம்பு இருக்கும். விரல்களை உள்ளே விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த ரவை ஏறிவிடும். இடக்கையானாலும் வலக்கையானாலும் அதற்கு ஒன்றுதான். குழல் குறுகியது என்பதால் கியூபெக்கின் அடர்ந்த பற்றைக் காட்டுக்குள் கொப்புகளில் சிக்காது. சின்ன உருவத்துக்கென்றே சொல்லிச் செய்தது போன்றது. இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்லிக் கோட்டை மாட்டிவிட்டேன். கோட்டுக்குள் அவர் காணாமல் போனார். முகம் மட்டும் மிஞ்சியது. இருவருக்கும் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டோம்.

"கண்ணை மூடுங்கள்" என்றேன்.

அவர் மூடவில்லை. விளங்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். அவர் துப்பாக்கியைத் தாழ்த்தி, நெம்பைத் திறந்து, கவுண்டரில் விரித்திருந்த மெத்தைத் துணியின் மேல் மெதுவாக வைத்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"கண்ணை மூட ஏலாது அண்ணை. துவக்கு கையில இருக்கேக்க ஏலாது."

"தெரியும் தம்பி" என்றேன்.

எனக்குத் தெரியும்தான். நான் கவுண்டருக்கு வந்த புதிதில் ரெயால் இதே கோட்டை எனக்கு மாட்டிக் கண்ணை மூடச் சொன்னபோது நானும் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன். என் பிரெஞ்சு போதவில்லை என்று நினைத்து அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். மொழி விளங்கியது. இமைதான் கேட்கவில்லை. நானாவது துவக்கை அடுத்தவன் கையில் பார்த்தவன். அதற்கே எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

தயாபரன் வலது தோளைத் தொட்டு, "ஷெல் பட்டது" என்றார். போர் நடந்த ஊரில் அவர் துவக்குப் பிடித்தாரா, பிடிக்க வைக்கப்பட்டாரா என்று நான் கேட்கவில்லை. இங்கே ஊகித்து எழுதவும் மாட்டேன்.

"வீட்டில என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"வைஃப்புக்கு விருப்பமில்லை."

"கூட்டிக்கொண்டு வாங்க."

"அவ வந்தா விக்க விடமாட்டா அண்ணை."

"அப்ப நான் விக்கமாட்டன்."

அவர் கோட்டைக் கழற்றி மடிப்புக் குலையாமல் தன் கையாலேயே கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மனைவியோடு வந்தார். வசந்தி என்று பெயர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அவர் கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி சுவரில் நின்ற துப்பாக்கிகளை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார்.

"இவ்வளவையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கொண்டு எப்பிடி அண்ணை நிக்கிறியள்?"

"பழகிப்போச்சு தங்கச்சி."

"பழகக்கூடாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"நீங்கள் தரமாட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னாச் சட்டம். நான் சொன்னாச் சண்டை. இதுக்குத்தானே எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்? இது வீட்டுக்குள்ள வந்தால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவில அண்ணாட்டைப் போயிடுவன். இவருக்குச் சொல்லிப்போட்டன்."

ரொறன்ரோ பஸ்ஸில் ஏறுவது எவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியும். தயாபரன் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுத்துவிட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் ரெயால் வந்துவிட்டார். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. மனைவியின் குரல் தெரிய மொழி எதற்கு? வசந்தியைப் பார்த்துத் தலையைச் சற்றே தாழ்த்தி, வழக்கமான கேள்வியை அவரிடம் கேட்டார். உங்கள் கணவர் யாரோடு போகிறார், மதாம்?

வசந்தி நல்ல பிரெஞ்சில், லூக்கோடும் சில்வேனோடும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவையளை எனக்குத் தெரியும் அண்ணை. என்ரை கட்லட் சாப்பிட்டு வளந்தவை. இத்தனை வருசமா இவரின்ரை சாப்பாட்டோட அவைக்கும் சேர்த்து மீன் கட்லட் பொரிச்சுக் குடுத்துவிடுறன். ஆக்களிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. துவக்குத்தான்..." என்றார்.

"அவை சாப்பிடேல்லை, வசந்தி."

தயாபரன் அலமாரியைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

"என்ன?"

"ஒருத்தரும் சாப்பிடேல்லை. நான்தான் திரும்பி வரேக்க பஸ்ஸுக்குள்ள வச்சுச் சாப்பிட்டனான்."

"எப்ப?"

"எப்பவும்தான். அவை எல்லாரும் ஒரு மேசையில இருப்பினம். நான் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில இருப்பன். செப்டெம்பர் பிறந்தால் மான் கதை, டிசெம்பர் நத்தார் வரைக்கும் அதே கதை. எனக்குக் கதைக்க ஒண்டும் இல்லை. இந்த வருசம்தான் லூக் பக்கத்தில வந்து, நீயும் வாவன் எண்டு கேட்டவன். இதுதான் முதல்தரம்."

"அப்ப லூக்குக்கு நல்ல விருப்பம், சில்வேன் இன்னும் கேட்டவர் எண்டு வந்து வந்து சொன்னதெல்லாம்?"

"நீ சந்தோசமாப் பொரிச்சனி."

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். யாரோ காலணி போட்டுப் பார்த்து நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். வசந்தி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கணவனை ஏற இறங்கப் பார்த்தார், எங்கோ தவறிப்போய்த் திரும்பக் கிடைத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"துவக்கு இல்லாமல் போக ஏலாதா?"

"போகலாம். சமைக்கிறதுக்குப் போகலாம். அவை காட்டுக்குள்ள போயிடுவினம், நான் அடுப்போட இருக்கலாம். அங்கயும் மெஷினுக்குப் பக்கத்தில இருக்கிற மாதிரித்தான்."

வசந்தி என்னிடம் கேட்டார்: "அண்ணை, நீங்கள் வேட்டைக்குப் போறனீங்களோ?"

"இல்ல தங்கச்சி."

"ஏன்?"

"கூப்பிட ஆளில்ல."

யோசித்துச் சொன்னதல்ல. வாய்க்குள் இருந்தது வழுக்கி விழுந்துவிட்டது. அவர் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். பிறகு, "சரி. இவருக்கு எது பொருத்தம் எண்டு காட்டுங்கோ" என்றார்.

அதன் பிறகு நான் வேலை செய்தேன். அப்படி ஒரு கவனத்தோடு வேறு எந்த நாளும் வேலை செய்ததாக நினைவில்லை. இரண்டு கட்டைத் துப்பாக்கிகளை எடுத்து வைத்தேன். ஒன்று பஞ்சு மாதிரி. நாள் முழுவதும் தூக்கினாலும் கை நோகாது. ஆனால் பாரம் குறைந்த துவக்குக்குத்தான் உதை அதிகம். பிடங்கின் அடியிலும் வெறும் இரும்புத் தகடு. காயப்பட்ட உடம்பு உதைக்குப் பயந்து வெடிக்குமுன்னே நெளிந்துவிடும். மற்றது கொஞ்சம் பாரம், குழல் கொஞ்சம் நீளம், பிடங்கின் முடிவில் தடித்த ரப்பர். முதலாவதைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். தயாபரனுக்கு அதில்தான் கண். "அது கண்ணுக்கு, இது தோளுக்கு" என்றேன். கையுறையைப் போட்டு நெம்புக்குள் விரல் தாராளமாகப் போய்வருகிறதா என்று பார்த்தோம். பின்னால் தெரியும் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து மெல்ல இறக்கப் பழக்கினேன். கோட்டை மாட்டினேன். மிஞ்சியது கண்.

"மூடமாட்டாராம் தங்கச்சி" என்று வசந்தியிடம் சொன்னேன். ஏன் மூட வேண்டும் என்பதையும் சொன்னேன். ஏன் மூடமாட்டார் என்பதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் கைப்பையைக் கவுண்டரில் வைத்தார். கணவனுக்குப் பின்னால் போய் நின்றார். கம்பளிக் கோட்டின் தடிப்புக்கு மேலால் எட்டி, இரண்டு உள்ளங்கைகளாலும் அவருடைய கண்களைப் பொத்தினார்.

"நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். நீங்கள் மூடுங்கோ."

தயாபரன் மூச்சை இழுத்துவிட்டார். துப்பாக்கி எழுந்தது, இடது தோளில் அமர்ந்தது, கன்னம் மரத்தில் படிந்தது. எங்கும் மாட்டவில்லை.

"எடுக்கட்டா?"

"எடு."

வசந்தி கைகளை எடுத்தார். தயாபரன் கண்ணைத் திறந்து அசையாமல் நின்றார்.

"அண்ணை, நேரா நிக்குது."

நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, வசந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனின் கண்ணைப் பொத்தியிருந்த அவ்வளவு நேரமும் அவர் படிக்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் இமைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரெயாலும் அதைக் கவனித்திருக்க வேண்டும். போய் ரெலிபோனை எடுத்தார்.

அந்தக் காலத்தில் நீளத் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அரசாங்கத்தில் பதிய வேண்டும். ரெலிபோனில் காத்திருக்க வைத்து வயலின் வாசிப்பார்கள். வயலின் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பூட்டுவது பற்றி விளக்கினேன். விசைக்கு ஒரு பூட்டு, ரவைக்கு வேறு அலமாரி, அதற்கு வேறு பூட்டு, வேறு சாவி.

"திறப்பு என்னட்டை இருக்கும்" என்றார் வசந்தி.

"ரெண்டு திறப்பு இருக்கு."

"ரெண்டும் என்னட்டை இருக்கும்."

தயாபரன் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முதல் பனி விழுந்த பிறகு தயாபரன் திரும்ப வந்தார், கையில் மார்ஜரின் டப்பா. உள்ளே மான் இறைச்சிக் கறி. வசந்தி ஆட்டுக்குப் போடுகிற சரக்கெல்லாம் போட்டுப் பிரட்டியிருந்தார். மானைச் சுட்டது லூக். தயாபரன் சுட்டது படவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம், குறி தவறியவனின் சட்டையில் பின்பக்கத் துண்டை வெட்டி, பெயரெழுதி லூக்கின் வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடித்து விடுவார்களாம்.

"என்ரை சட்டையையும் வெட்டிப்போட்டாங்கள் அண்ணை! லூக்கின்ரைக்குப் பக்கத்தில அடிச்சிருக்கிறாங்கள். வசந்தியின்ரை அண்ணா அனுப்பின சட்டை, அவ ஏசிக்கொண்டு திரியிறா. கட்லட் பெட்டியை லூக் கையால விடேல்லை."

வேலை செய்த காலத்தில் எத்தனையோ பேர் கொம்புகளின் படத்தைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறார்கள். தவறவிட்டதற்கு இப்படித் துள்ளிய மனிதனை நான் பார்த்ததில்லை. "வீட்டை ஒருநாள் வாங்கோ அண்ணை" என்றார் போகும்போது. வாறன் என்றேன். என்றைக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழ்க் கடையில் வசந்தியைக் கண்டேன். கூட இன்னொரு பெண். அவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "சேவியர் அண்ணை. மீன்பிடிக் கடையில நிக்கிறவர்" என்றார் வசந்தி. நான் கேட்காமலே எனக்காகப் பொய் சொன்னார். தன் கணவனுக்காகவும்தான். நான் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் தெருவில் எனக்குத் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர். என் வேலையைத் தெரிந்த இரண்டே பேரோடும் என் வேலையைப் பற்றி வாய்திறக்க முடியாது. வீட்டுக்கு வந்து அந்த முருங்கைக்காயைச் சமைக்க மனம் வரவில்லை. அன்றைக்கு உள்ளபடியே அழுதேன்.

சில ஆண்டுகளில் ஜன்னல் தொழிற்சாலை மூடப்பட்டது. அவர்களும் ரொறன்ரோவுக்குப் போனார்கள், மூவரும் சேர்ந்தே போனார்கள். வேட்டைப் பருவத்துக்கு மட்டும் தயாபரன் காரோட்டிக்கொண்டு லூக்கிடம் வந்துவிடுவார் என்று கேள்வி.

என் கடைசி வேலை நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் ஜெசிந்தா ரெலிபோன் எடுத்து, "இனியென்ன அங்க தனிய? வாங்களன்" என்றாள். பார்ப்போம் என்றேன். அவளுடைய வீட்டில் எனக்கென்று ஒரு தேநீர்க் கோப்பை கிடையாது. போகும்போதெல்லாம் விருந்தாளிக் கோப்பையில்தான் தருவார்கள். அன்பாகத்தான் தருவார்கள்.

கடை மூடும் நேரத்தில் ரெயால் அலமாரியைத் திறந்து ஒரு கட்டைத் துப்பாக்கியை எடுத்தார். தயாபரன் வாங்கியதன் இனம். கடையும் தானும் சேர்ந்து தரும் பரிசு என்றார். கொக்கியிலிருந்த கோட்டை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். திறந்து, பார்த்து, விரலால் தடவி, நீட்டினார். நானும் பார்த்து வாங்கினேன். கண்ணை மூடினேன். எனக்கு இப்போது மூட வரும். இந்தக் கவுண்டர் எனக்குத் தந்த சுகம் அது. கோட்டில் பூச்சி உருண்டை மணமும், அதைப் போட்டுக் கழற்றிய ஆட்களின் வியர்வை மணமும் இருந்தன. தோளில் வைத்தேன். கண்ணைத் திறந்தேன். இரண்டு குறிகளும் நேராக நின்றன.

"அவெக் கி?" என்றார் ரெயால்.

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. துப்பாக்கி ஒருவன் கையில் இருக்கும்போது அவர் வாய் தானாகக் கேட்கும் கேள்வி அது. கேட்டபின் அவரே திடுக்கிட்டுப்போனார். நான் பதில் தேடினேன், உண்மையாகவே தேடினேன். தயாபரனைக் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பார். லூக்கின் குடிசையில் இன்னொரு சட்டைத் துண்டுக்கு இடம் இருந்திருக்கும். ஆனால் யாராவது கூப்பிடுவார்கள் என்று காலமெல்லாம் காத்திருந்தவனுக்குக் கூப்பிடத் தெரிவதில்லை.

நெம்பைத் திறந்தேன். உள்ளே பார்த்தேன். அவரிடம் நீட்டினேன்.

"ஆளைத் தேடிக்கொண்டு வருகிறேன் மிசியே ரெயால். துப்பாக்கி காத்திருக்கட்டும்."

அவர் வாங்கி உள்ளே பார்த்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார். அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் கோட்டைக் கழற்றப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "இதைப் போட்டுக்கொள்ளத் துணைக்கு யாரும் தேவையில்லை, சேவியர்" என்றார்.

கொக்கியில் என்ன தொங்கியது என்று அந்தப் பெண் கேட்டபோது நான் அதைத்தான் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.